மானுக்கு வழிவிட்ட ஓநாய்

"மானைக் கண்டா ஒதுங்கி வழிவிடுது. ஆட்டைக் கண்டாத்தான் பாயுது. மாப்பிள்ளைக்குக் கறி போட்ட மாதிரி அந்த ஓநாயை யாரோ வளர்த்து விட்டிருக்காங்க."

மாவு மில் வரிசையில் யாரோ பேசிக்கொண்டது மங்கையம்மை காதில் விழுந்தது. கேழ்வரகு மாவைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்திலிருந்த தன் மடத்துக்கு வேகமாக நடந்தார்.

அவருடைய சீடர் சிதம்பரநாதன் வயதில் அவரைவிட மூத்தவர். முன்பு மரக்கடை வைத்திருந்தவர். மொட்டை மலையில் அவர் நட்ட மரக்கன்றுகளையெல்லாம் மான்கள் மேய்ந்து தீர்த்தன. ஓநாய் அற்றுப்போனதால் மானுக்குப் பயம் விட்டுப்போயிற்று என்று புலம்பிக்கொண்டே இருப்பார்.

மடத்து முற்றத்தில் ஆட்டுக்காரி சடைச்சி நின்றிருந்தாள். ஆட்டுப் பட்டி வாசலில் கட்டியிருந்த ஓலைப்படலைப் பிய்த்துக்கொண்டு ஓநாய்கள் புகுந்துவிட்டன. சினையாடுகளைக்கூட விடவில்லை என்றாள். மிச்சத்தை விற்றுவிட்டு மகளோடு செங்கல் சூளைக்குப் போக வேண்டியதுதான். அழாமல் சொன்னாள்.

சிதம்பரநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள்தானா?" என்றார் மங்கையம்மை.

அவர் மறைக்கவில்லை. வெளியூரிலிருந்து குட்டிகளாகக் கொண்டுவந்ததையும், பாறை இடுக்கில் வைத்து வளர்த்துக் காட்டில் விட்டதையும் சொன்னார். கேட்டிருந்தால் யாரும் சம்மதித்திருக்க மாட்டார்கள் என்றார்.

"என்ன போட்டு வளர்த்தீர்கள்?"

"ஆட்டுக்கறி."

சடைச்சி சிரித்தாள். "எங்கிட்டதாம்மா கிடா வாங்கினாரு. சாமிக்குப் பொங்கல் வைக்கணும்னு சொல்லி."

மங்கையம்மை மாவுப் பையைத் தரையில் போட்டார்.

சிதம்பரநாதனின் குரல் உயர்ந்தது. "காட்டுக்கு ஓநாய் வேண்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்கள் அம்மா."

மங்கையம்மை நேரே சிதம்பரநாதனின் அறைக்குப் போனார். இரட்டைக் கதவில் ஒன்றை, அது சுழலும் குடுமியோடு நெம்பித் தூக்கினார். தேக்கு. மூச்சிரைக்க இழுத்துவந்து சடைச்சி முன்னால் சாய்த்தார்.

"பட்டி வாசலில் வைத்துக் கட்டு."

சிதம்பரநாதன் பதறினார். கதவில்லாமல் எப்படிப் படுப்பது, மனிதனைக் கண்டு பயப்படாத ஓநாய்கள், இந்தப் பக்கமும் வருமே என்றார்.

"காட்டுக்கு ஓநாய் வேண்டும்தான்," என்றார் மங்கையம்மை. "அது இவள் வாசலுக்கு மட்டும்தான் வர வேண்டும் என்று யார் முடிவு செய்தது?"

சடைச்சி கதவின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தாள்.

சிதம்பரநாதன் தன் அறைக்குப் போய், மற்றொரு கதவையும் நெம்பத் தொடங்கினார்.