கரட்டு நிழல் விழுகிற ஊர்

கரட்டடி என்றொரு ஊர். மேற்கே மரமில்லாத ஒரு மொட்டைப் பாறைக் கரடு, அதன் கிழக்கே முப்பது வீடு, நடுவே ஒரு ரேஷன் கடை. பூகோளம் இவ்வளவுதான். சரித்திரம் இன்னும் சின்னது. ஒரு சாயங்காலம் கரட்டு நிழலில் வந்து உட்கார்ந்த முதல் ஆள், "இந்த நிழல் விழுற இடமெல்லாம் நம்ம ஊரு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான். அவன் வம்சம் அந்த வார்த்தையை இம்மி பிசகாமல் காப்பாற்றி வந்தது.

ஒருநாள் தாலுக்கா ஆபீஸிலிருந்து கடுதாசி. வெள்ளிக்கிழமை சர்வேயர் வருவார், ஊர் எல்லைக்குள் நிற்கிற தலைகளை எண்ணுவார், நூறுக்குக் குறைந்தால் ஊரைக் கீழப்பட்டியோடு சேர்த்துவிடுவார்கள், ரேஷன் கடையும் அங்கே போய்விடும்.

ஊர்த்தலைவர் சடையாண்டி கவலைப்படவில்லை. அவர் பெண்சாதி மருதாயிதான் கவலைப்பட்டாள். கீழப்பட்டி மூன்று மைல். அரிசி மூட்டை ஏறப்போவது தலைவரின் தலையில் அல்ல.

சர்வேயர் வந்து இறங்கியது சரியான உச்சிப்பொழுது. நிழல் கரட்டின் காலடியில் கட்டில் அகலத்துக்குச் சுருங்கிக் கிடந்தது. ஆண்கள் முந்திக்கொண்டு அதற்குள் நெருக்கியடித்து நின்றார்கள். இடம் பத்தாதவர்கள் அடுத்தவன் தோளில் ஏறினார்கள். எண்ணினால் முப்பத்தொன்பது தலை.

மருதாயி கஞ்சிக் கலயத்தோடு வந்தாள். சடையாண்டி கைகாட்டித் தடுத்தார்.

"அங்கனயே நில்லு. நீ நிக்கிறது வெளியூரு."

"காலையில இருந்து உங்க அடுப்படியிலதான வெந்துக்கிட்டு இருந்தேன்?"

"அடுப்படியிலயும் வெயிலுதான். அப்ப அதுவும் வெளியூருதான்."

"அப்ப வெளியூர்க்காரி உங்களுக்கு எதுக்குக் கஞ்சி ஊத்தணும்?"

ஆண்கள் ஆழ்ந்து யோசித்தார்கள். "கேக்குறது நியாயந்தான்" என்றார் பூசாரி ஒண்டிவீரன், ஒருவன் தோள்மேல் இருந்தபடி. "விருந்தாளிய வேலை வாங்கப்படாது. நாமதான் ஊத்தணும்."

"கலயம் அவ கையில இருக்கே."

"போய் வாங்குனா ஒரு தலை குறையுமே."

அவர்கள் முடிவெடுப்பதற்குள் மருதாயி பாதிக் கஞ்சியைக் குடித்துவிட்டு மீதியைச் சர்வேயருக்குக் கொடுத்தாள்.

"சார், பொம்பளைங்களையும் சேத்தா நாங்க நூறுக்கு மேல. எங்களுக்கு உள்ள எடமில்ல. பரவாயில்ல, கொஞ்சம் பொறுங்க. ஊரு எங்ககிட்ட வரும்."

சர்வேயர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஊர் நகரக் கூடாது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. காத்திருந்தார்.

மூன்று மணிக்கு ஊர் கிணற்றடிக்கு வந்தது. நாலரைக்குப் பெண்கள், பிள்ளைகள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள் ஆனார்கள். நூற்று நாலு தலை. சர்வேயர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். கடை தப்பியது.

ஆனால் நிழலை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அது வயலைத் தாண்டியது, கீழப்பட்டியை விழுங்கியது. பொழுது அடைந்ததும் திசை நாலும் ஒரே நிழல்.

"ஏ மருதாயி, உலகம் பூரா நம்ம ஊராயிருச்சு" என்றார் சடையாண்டி, நெஞ்சை நிமிர்த்தி.

மருதாயி ரேஷன் பையை உதறிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு அரிசி போடுற நாளு. உலகமே நம்ம கடைக்குத்தான் வரும். இப்பவே போயி வரிசையில எடம் போட்டுட்டு வாரேன்."

அவள் போய்ச் சேர்ந்தபோது, கடை வாசலில் ஏற்கெனவே நூற்றிரண்டு பைகள் வரிசையாகக் கிடந்தன. மருதாயி தன் பையைப் போட்டாள். அதற்குப் பின்னால், உலகத்துக்கே தலைவரான சடையாண்டிக்காக ஒரு செங்கல்லை வைத்தாள்.