பொன்னாடை கேட்ட தளவாய்

செவ்வந்திக்கோட்டையை ஆண்ட மாறவேந்தனுக்கு ஒரு தளவாய் இருந்தான். பெயர் சிங்கராயன். ஆனால் வெறும் பெயரைச் சொன்னால் அவனுக்குக் கோபம் வந்துவிடும். 'வீரத்திலகம், கருணைக்கடல், ஏழைகளின் இளங்கதிர், தளவாய் சிங்கராயர்' என்று முழுசாகச் சொல்ல வேண்டும். கட்டியக்காரனுக்கு நடுவில் மூச்சு வாங்கினால், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆள் பார்க்க லட்சணம். பேச்சு தேன். தெய்வம் அவனுக்கு எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துத்தான் கொடுத்திருந்தது. அடுத்தவர் வலி நெஞ்சுக்குள் போகிற வாசலை மட்டும் வைக்காமல் விட்டுவிட்டது போலிருக்கிறது.

அரண்மனைக் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டவர் திருவேங்கடம். ஒருநாள் ஆற்றைக் கடக்கும்போது அவர் ஏறிய பரிசல் நடு ஆற்றில் முழுகியது. அவர் இறந்துபோனார். பரிசல்காரன் மாடசாமி மட்டும் நீந்திக் கரையேறினான். பரிசலைத் தூக்கிப் பார்த்தால், அடியில் ஒரு துளை.

"தப்பிச்சவன்தான் கொன்னவன்!" என்றான் சிங்கராயன். அழுதுகொண்டே சொன்னான். அவன் அழுததைப் பார்த்துச் சபையே அழுதது. மாடசாமியைக் கழுவேற்ற உத்தரவாகிவிட்டது. அவன் மனைவி செல்லி கைக்குழந்தையோடு கோட்டை வாசலில் விழுந்து கிடந்தாள்.

அவளைக் கண்டும் காணாமல் தாண்டிப் போக மனசு வரவில்லை ஒருவருக்கு. அவர் பேச்சிமுத்து, ராஜாவுக்கு யோசனை சொல்கிறவர். நேரே ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, நெல்லு குறையுதே, தளவாய் வீட்டு வண்டி ஏன் களஞ்சியத்துப் பக்கம் வருதுன்னு திருவேங்கடம் என்கிட்ட கேட்டார். கேட்ட வாரமே முழுகிட்டார்."

"என்னய்யா பேசுற? சாவு வீட்டுல அவர் சம்சாரத்தைவிட அதிகமா அழுதது சிங்கராயன்தானே?"

"அழுதார் மகாராஜா. நானும் பக்கத்துலதான் இருந்தேன். அழுது முடிச்சு கண்ணைத் துடைச்சவர், ரசத்துல உப்பு கம்மின்னு சமையல்காரரை வைதார்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "இதெல்லாம் ஒரு சாட்சியா?"

"சாட்சியை அவர் வாயாலேயே வாங்கித் தர்றேன். எனக்கு ஒரு பொன்னாடை மட்டும் கொடுங்க. நான் என்ன உளறினாலும் ஆமான்னு தலையாட்டுங்க."

மறுநாள் சபை கூடியது. விலங்கோடு நின்ற மாடசாமி தோளில் பேச்சிமுத்து அந்தப் பொன்னாடையைப் போர்த்தினார்.

"சாமி, நான் ஒண்ணும் பண்ணலை சாமி" என்று அழுதான் மாடசாமி.

"சும்மா இருப்பா, அடக்கம் போதும்!" என்றார் பேச்சிமுத்து. "சபையோரே, கொலை பாவம்தான். ஆனா மூளைன்னா இதுதான் மூளை! பரிசல்ல துளை போடணும், கரையில ஏறும்போது யாருக்கும் தெரியக்கூடாது, நடு ஆத்துல தண்ணி ஏறணும். நம்ம ராஜ்ஜியத்துல வேற யாருக்கு இப்படி ஒரு யோசனை வரும்? தளவாய் ஐயாவும் இருக்காரு, பாவம், வாளைத் தூக்குவார். மூளையைத் தூக்க முடியுமா?"

சபை சிரித்தது. ராஜா தலையாட்டினார். சிங்கராயன் மீசை துடித்தது.

"சாகிறதுக்கு முன்னாடி இவனுக்கு ஒரு பட்டம் கொடுக்கணும் மகாராஜா. 'மதியூகச் சக்கரவர்த்தி'! எவ்வளவு அழகாக் களிமண்ணை உருட்டி அந்தத் துளையை அடைச்சிருக்கான்!"

"களிமண்ணா?" சிங்கராயன் துள்ளி எழுந்தான். "யாருய்யா களிமண்ணு வைப்பான்? அது கரையறதுக்குள்ள பரிசல் அக்கரைக்கே போயிடும்! வெல்லம்யா, வெல்லம்! அச்சு வெல்லம்! நடு ஆத்துக்குப் போறதுக்கும் அது கரையறதுக்கும் சரியா இருக்கும். எங்க வீட்டுத் தொட்டியில நானே போட்டுப் பார்த்தேன். இந்தத் துடுப்புப் போடுற பயலுக்கா அந்த மூளை? இவனுக்கா பட்டம்?"

கட்டியக்காரன்கூட வாயை மூட மறந்து நின்றான்.

"அடப்பாவி!" என்றார் ராஜா.

அப்போதுதான் சிங்கராயனுக்குத் தான் சொன்னது உறைத்தது. உடனே முகத்தை மாற்றினான். பொலபொலவென்று கண்ணீர். "மகாராஜா! பெரிய தப்பு நடந்துபோச்சு! திருவேங்கடம் எனக்கு அண்ணன் மாதிரி! என்னை மன்னிச்சிடுங்க!" என்று காலில் விழுந்தான். கல்லும் கரைந்துவிடும், அப்படி ஒரு அழுகை. இளகின மனசுக்காரரான ராஜா அவனைத் தூக்கிவிடக் குனிந்தார்.

எழுந்த சிங்கராயன் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "அப்போ அந்தப் பொன்னாடை எனக்குத்தானே சேரணும்?"

ராஜா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இவனுக்கு என்ன, பைத்தியமா பேச்சிமுத்து?"

"பைத்தியம்னு சொல்லிப் பாவப்பட்டவங்களை இவரோட சேர்த்துடாதீங்க மகாராஜா. அவங்களால யாருக்கு என்ன கெடுதி? இவருக்கு நல்லது கெட்டது எல்லாம் தெரியும். வெல்லம் எவ்வளவு நேரத்துல கரையும்னுகூடத் தெரியும். அடுத்தவன் உயிர்தான் இவருக்கு உயிராத் தெரியலை. வெளியில விட்டா இன்னொருத்தருக்குப் பரிசல் ஏற்பாடு பண்ணிட்டு, முதல் ஆளா வந்து அழுவார்."

மாடசாமியின் விலங்கு கழன்றது. அவன் பொன்னாடையை உதறிப் போட்டுவிட்டுச் செல்லியைப் பார்க்க வாசலுக்கு ஓடினான். சிங்கராயனைக் கழுவில் ஏற்றினால் இன்னொரு உயிர் போகுமே தவிர திருவேங்கடம் திரும்பி வரமாட்டார் என்று ராஜா யோசித்தார்.

"இவனை எங்கேய்யா வைக்கிறது?"

"கழுகுப்பாறை உச்சியில வைங்க மகாராஜா. கயிறு கட்டி மேலே ஏத்திட்டுக் கயிற்றை எடுத்துடலாம். கூடையில சோறு மட்டும் போகட்டும். கீழே வர ஒரு படி கிடையாது, ஒரு சரிவு கிடையாது."

"அத்தனை மலை இருக்க, அந்த மலை எதுக்கு?"

பேச்சிமுத்து கைகட்டிக்கொண்டு சொன்னார்: "இரக்கம் இல்லாத மனுஷனுக்கு, இறக்கம் இல்லாத மலைதானே மகாராஜா பொருத்தம்!"

சிம்மாசனம் குலுங்க ராஜா சிரித்தார்.