ஏழாவது பட்டை

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையோரம் முப்பிடாதியின் பட்டறை. உப்பு லாரிகளுக்கு அடியில் வில்லாக வளைந்து பாரம் தாங்குகிற இரும்புப் பட்டைகளை அடித்து, வளைத்து, அடுக்கித் தருவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வயது நாற்பத்தைந்து. அவளுக்கு ஒரே ஒரு சிஷ்யர், பெயர் கஸ்பார், வயது அறுபத்தொன்று. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இந்த வயதில் சம்மட்டி பிடிக்க வந்த மனுஷனை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டுமே, அவருக்கென்ன.

அவர் வந்தது ஒரு காருக்காக. எழுபதாம் வருஷத்து அமெரிக்கக் கார். இரண்டே கதவு, நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர். கிளப்பினால் தெருவில் ஒரு பிள்ளை தொட்டிலில் தூங்காது. கப்பல் வேலைக்குப் போன மகன் டெரன்ஸ் ஏலத்தில் ஆசையாக எடுத்த வண்டி.

"அடுத்த தடவை நான் வரும்போது ஏர்போர்ட்டுக்கு இதுலதான் வரணும். நீங்களும் அம்மாவும் முன்னால, நானும் என் பெட்டியும் பின்னால. வண்டி பின்பக்கம் அரை அங்குலம் தூக்கலா நிக்கணும்ப்பா, அதான் இதுக்கு அழகு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

போனவன் போனவன்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் கப்பல் நடுக்கடலில் காணாமல் போனது. ஓர் உடல்கூடக் கரைக்கு வரவில்லை.

அவன் ஆத்துமா இளைப்பாற மாதா கோயிலில் ஒரு பூசை வைத்துவிடலாம் என்று மனைவி செலஸ்தீனா கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள். உசிரோடு இருக்கிறவனுக்கு எவனாவது பூசை வைப்பானா என்று கஸ்பார் எழுந்து போய்விடுவார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

பட்டறைக்கு முதல்நாள் வந்ததும் அவர் கேட்டது இதைத்தான்: "மேஸ்திரி, பின்பக்கம் எவ்வளவு உசரம் வைக்கணும்?"

"என்ன ஏத்தப் போறீங்க?" என்றாள் முப்பிடாதி.

"எதுக்குக் கேக்கீங்க?"

"இங்க வெறும் வண்டியை அளக்கிறதில்ல. எந்தப் பாரத்தைச் சுமக்கப் போவுதோ அதை ஏத்தி வச்சுத்தான் அளப்போம்."

கஸ்பார் விஷயத்தைச் சொன்னார்.

"அப்ப அதை ஏத்திட்டு வாங்க அண்ணாச்சி" என்றாள்.

அவர் உப்பு மூட்டை வாங்கிவந்தார். மகனின் மருத்துவச் சீட்டில் எழுபத்தெட்டு கிலோ என்று இருந்தது. அதைப் பின்சீட்டில் வைத்தார். பெட்டிக்கு ஐம்பது, அதை டிக்கியில் வைத்தார்.

"முன்னால ஒக்காரப்போற அக்காவுக்கு?" என்று கேட்டாள் முப்பிடாதி.

"அவ என்ன, காத்து. அதெல்லாம் ஒரு கணக்கா?"

அவள் டேப்பை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனாள்.

அந்தப் பாரத்துக்கு வண்டியில் இருந்த ஆறு பட்டை போதவில்லை, பின்பக்கம் அமுங்கிப்போனது. ஏழாவதாக ஒன்று வேண்டும், இரண்டு பக்கத்துக்கும். அதை அடுத்தவர் கை செய்யக்கூடாது, தானே செய்ய வேண்டும் என்று கஸ்பார் பிடிவாதமாக நின்றார். இரண்டு வருஷம் உலைமுன் வெந்தார். வளைத்தது ஒடிந்தது, ஒடியாதது நிமிர்ந்துபோனது. கடைசியில் ஒரு காலையில், அவர் அடித்த ஜோடிப் பட்டையை முப்பிடாதி தட்டிப் பார்த்து, "நல்லா வந்திருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வருவது லேசில்லை. கஸ்பாருக்குக் கண் கலங்கிவிட்டது.

பட்டையை மாட்டினார்கள். உப்பை ஏற்றினார்கள். அளந்தால் பின்பக்கம் அரை அங்குலம் தூக்கல்.

"உசரம் சரிதானே மேஸ்திரி?"

"உப்பை எறக்கிட்டு அக்காவைக் கூட்டிட்டு ஒரு சுத்து போயிட்டு வாங்க. பொறவு கேளுங்க."

போனார். சாலையோ லாரி ஓடி ஓடிக் குண்டும் குழியுமாகக் கிடந்தது. பின்னால் பாரம் இல்லாத வண்டி ஒவ்வொரு குழிக்கும் துள்ளியது. செலஸ்தீனாவுக்கு ஏற்கெனவே இடுப்பெலும்பு தேய்ந்திருந்தது. ஒரு கையால் கதவைப் பிடித்தாள், மறு கையால் இடுப்பைப் பிடித்தாள். பாலத்துக்கு முன்னால் "நிறுத்துங்க" என்றாள்.

"என்ன?"

"நான் நடந்து வாரேன்."

"அவன் ஏறிட்டா வண்டி துள்ளாதுடி. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"இப்ப நான்தானே இருக்கேன்" என்றாள் செலஸ்தீனா.

இறங்கி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வெயிலில் வீட்டைப் பார்த்து நடந்தாள். நாலடிக்கு ஒருதரம் நின்று நின்று போனாள். கஸ்பார் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பட்டறைக்குத் தனியாகத் திரும்பினார்.

"துள்ளுது" என்றார்.

"துள்ளத்தான் செய்யும்."

"உப்பை எறக்காம அப்படியே வச்சு ஓட்டினா?"

"ஓட்டலாம். உப்பு கசியும் அண்ணாச்சி. வண்டியை அரிச்சிரும்."

"வேற வழி?"

முப்பிடாதி ஸ்பேனரை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

கஸ்பார் வெகுநேரம் அதை வாங்கவில்லை. வாங்கியபிறகும் வண்டிக்கு அடியில் போக மனசு வரவில்லை. பிறகு போனார். போட ஒரு மணி நேரம் ஆன பட்டையைக் கழற்ற மூன்று மணி நேரம் ஆனது. அவள் உதவிக்கு வரவில்லை, அவரும் கூப்பிடவில்லை. அடியிலிருந்து அவர் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் கிளாஸைப் பார்த்துக்கொண்டார்கள்.

பட்டை போனதும் வண்டியின் பின்பக்கம் இறங்கி நின்றது. ஓட்டுகிறவர் இடத்தில் முப்பிடாதி ஓர் உப்பு மூட்டையை வைத்தாள். பக்கத்துச் சீட்டில், செலஸ்தீனா இருந்த இடத்தில், தானே ஏறி உட்கார்ந்தாள்.

"அளங்க" என்றாள்.

முன்பக்கம் அளந்தார். பின்பக்கம் அளந்தார். நம்ப முடியாமல் மறுபடியும் முன்னால் போய் அளந்தார்.

"எவ்வளவு?" என்று அவள் உள்ளேயிருந்து கேட்டாள்.

"அரை அங்குலம் தூக்கல்."

"ம்."

"அவன் கேட்ட உசரம்."

"ஆமா."

"அவன் இல்லாமலே சரியா நிக்குது மேஸ்திரி."

கஸ்பார் கழற்றிப்போட்ட பட்டை ஒன்றைக் கையில் தூக்கினார். வெயிலில் கிடந்தது, சுட்டது. கீழே வைக்கவில்லை. நாலு வருஷமாக ஒருவரிடமும் கேட்காததை அப்போதுதான் கேட்டார்.

"ஒருவேளை அவன் வந்துட்டான்னா?"

முப்பிடாதி வண்டியிலிருந்து இறங்கிக் கதவைச் சாத்தினாள்.

"பின்பக்கம் தாழும் அண்ணாச்சி. தாழ்ந்துட்டுப் போவட்டும்."