கேசட்டை ஊதிய செண்பகவல்லி

தப்பாய்ச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து பயந்துதான் செண்பகவல்லி இந்தக் கதையைச் சொல்வாள். வீடியோ கேம் கடையைப் பெருக்குபவள் அவள். புது மெஷின் வந்த அன்று, அதைப் பார்க்கக் கூடிய கூட்டத்தின் முன்னால், பழைய கேசட் கேமைத் தூக்கி எறியச் சொன்னார் முதலாளி தயாளன்.

"நல்லாத்தானே ஓடுது சார்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

"என் புது மெஷினை இது ஜெயிக்குமா? இத்தனை பேர் முன்னாடி காட்டு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"சரிங்க சார். ரெண்டையும் போடுவோம். எது முதல்ல ஆட விடுதுன்னு பார்ப்போம்."

கேசட்டை உருவி, வாயால் ஊதிச் செருகினாள். திரையில் கார் ஓடியது. புது மெஷினோ, அப்டேட் முடிய மூன்று மணி நேரம் என்றது. கூட்டம் பழைய கேம் பக்கம் நகர்ந்தது. தயாளன் முகம் வெளிறியதை அவள் பார்த்தாள்.

"ரெண்டு பேர் ஆடலாம் சார்" என்று இன்னொரு ஜாய்ஸ்டிக்கை அவரிடம் நீட்டினாள். முதல் வளைவிலேயே தன் காரை வேண்டுமென்றே சுவரில் மோதினாள்.