லைன்மேன் வீட்டுப் பூட்டு

குரு, சிஷ்யன் கதைன்னு சொன்னதும் காலை மடிச்சு உக்காந்துட்டீங்க பாருங்க! ஆலமரம் வரும், வெள்ளைத் தாடி வரும், கடைசியில திருடன் கால்ல விழுந்து திருந்துவான். அதானே? காலை நீட்டிக்கோங்க. இதுல தாடியும் கிடையாது, திருடனும் வர மாட்டான்.

குரு பேரு குருவம்மா. நாப்பது வயசு. கோவில்பட்டி மார்க்கெட் ரோட்டுல சாவி போட்டுக் குடுக்கிற கடை. சிஷ்யன் ஆவுடையப்பன், குருவை விட இருபத்திரண்டு வயசு மூத்தவர். லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருசம் போஸ்ட் மேல நின்னு கீழ இருக்கிறவங்ககிட்ட பேசிப் பேசி, அவர் ரகசியம் சொன்னாலே ரெண்டு தெருவுக்குக் கேக்கும்.

புதன்கிழமை காலையில ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டே வந்தாரு.

"குருவம்மா! இம்புட்டுப் பெரிய பூட்டு வேணும். யானை மிதிச்சாலும் உடையக் கூடாது."

"எந்தக் கோட்டைக்கு அண்ணாச்சி?"

"சனிக்கிழமை கோயம்புத்தூர்ல மூத்தவளுக்கு வளைகாப்பு. வெள்ளிக்கிழமை போய்ட்டு ஞாயித்துக்கிழமை வரணும். வீட்டுக்காரி வர மாட்டேங்கிறா."

"பெத்த தாய் இல்லாம வளைகாப்பா?"

"பீரோவுல சின்னவ கல்யாண நகை இருக்கு தாயி. பேங்க் லாக்கருக்கு எழுதிக் குடுத்து ஆறு மாசம் ஆச்சு, இன்னும் கிடைக்கல. 'வீட்டு மேல ஒரு ஆளு கண்ணு இருந்தாத்தான் வருவேன். இல்லன்னா நீங்களே போய் அவளுக்கு வளையல் போடுங்க'ங்கிறா. நான் எங்கேர்ந்து வளையல் போட?"

பக்கத்துல பூ கட்டிக்கிட்டு இருந்த மாடத்தி சிரிச்சிட்டா. குருவம்மா சிரிக்கல. பூட்டையும் எடுக்கல. ஸ்டூலைத் திருப்பிப் போட்டு எதிர்த்த தெருவைக் காட்டுனாங்க.

"அங்க ஆறு வீடு இருக்கு. எந்த வீட்டுல ஆள் இல்ல, சொல்லுங்க."

"நான் என்ன ஜோசியக்காரனா?"

"சும்மா பாருங்க அண்ணாச்சி."

கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டாரு.

"அந்தப் பச்சைக் கேட்டு. வாசல்ல கோலம் இல்ல. நேத்துப் பேப்பர் மேலேயே இன்னைக்குப் பேப்பர் கிடக்கு. பால் பை எடுக்காமத் தொங்குது. பட்டப்பகல்ல லைட்டு வேற எரியுது, கரண்டுக்குப் பிடிச்ச தண்டம்!"

"எம்புட்டு நேரம் ஆச்சு கண்டுபிடிக்க?"

"ஒரு நிமிசம் இருக்குமா?"

"கண் ஆபரேசன் பண்ணின உங்களுக்கே ஒரு நிமிசம்."

ஆவுடையப்பன் வாயைத் திறந்தாரு. மூடுனாரு. ஞானம் வந்தா அவருக்கு அப்படித்தான்.

"ஆக, ஆள் இல்லன்னு தெரியக் கூடாது! புரிஞ்சு போச்சு!"

பூட்டை மறந்துட்டு ஓடிட்டாரு.

மறுநாள் காலையில மறுபடி வந்தாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி ஒரு நடை.

"எல்லாம் முடிச்சாச்சு குருவே!"

"என்ன முடிச்சீக?"

குனிஞ்சு, கையால வாயை மறைச்சு, அவர் கணக்குல ரகசியமாச் சொன்னாரு.

"பால்காரர்ட்ட, 'வெள்ளி சாயங்காலத்துல இருந்து ஞாயித்துக்கிழமை வரைக்கும் நாங்க இருக்க மாட்டோம், பால் வேண்டாம், யாருட்டயும் சொல்லிராதீக'ன்னு சொல்லிட்டேன்."

எதிர்த்த கடையில டீ ஆத்திக்கிட்டு இருந்தவர் திரும்பிப் பாத்தாரு.

"சரி."

"பேப்பர்காரர்ட்டயும் அதேதான். யாருட்டயும் சொல்லிராதீக."

"சரி."

"எதிர்வீட்டு அம்மாவைக் கோலம் போடச் சொல்லியாச்சு. அயர்ன்காரர், தண்ணி கேன் போடுறவர், எல்லார்ட்டயும் சத்தியம் வாங்கியாச்சு. வளைகாப்புக்குப் போறோம்னு வாட்ஸப்புல ஸ்டேட்டஸ் வச்சிருந்தேன், அதையும் அழிச்சிட்டேன். யாரும் தேடக் கூடாதுல்ல, அதனால 'அழிச்சிட்டேன்'னு இன்னொரு ஸ்டேட்டஸ் வச்சிருக்கேன்."

குருவம்மா கையில இருந்த அரத்தைக் கீழ வச்சாங்க.

"சாவி?"

"மீட்டர் பொட்டிக்குள்ள. எவனுக்கும் தோணாது."

"எவனுக்குமா?"

"பின்ன? சர்வீஸ்ல இருந்தப்ப ஃபியூஸ் போடப் போனா, பொட்டியைத் திறந்ததும் முதல்ல சாவிதான் கையில விழும். தெருவுக்குப் பத்து வீட்டுச் சாவி அப்படிப் பாத்திருக்கேன்னா பாத்துக்..."

அங்கேயே நின்னுட்டாரு. சட்டைப் பையைத் தொட்டுப் பாத்தாரு.

"கையிலேயே கொண்டு போயிருதேன்"னாரு, சின்னக் குரல்ல. அவருக்குச் சின்னக் குரலும் உண்டுன்னு மார்க்கெட் ரோட்டுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

இப்ப குருவம்மா சிரிச்சாங்க.

"மதினி என்ன சொல்லுதாக?"

"அதையேதான் சொல்லுதா. 'ஒரு ஆளு கண்ணு.' இன்னும் பெட்டி கட்டல. இத்தனை பேர்ட்ட சொல்லியிருக்கேன், இன்னும் எந்த ஆளு வேணுமாம் அவளுக்கு?"

"யாரையாவது விட்டுட்டீகளோ?"

"விடுவேனா? ஆங், ஒரு வீட்டுல மட்டும் மூச்சு விடல. அதுல நான் ரொம்ப உசாரு."

"எந்த வீடு?"

"பக்கத்து வீடுதான். நடுவுல ஒத்தைச் சுவரு."

"அங்க யாரு இருக்கா?"

"யாரோ ஒரு ஆளு."

மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, தொங்குற பூட்டையெல்லாம் அப்பத்தான் புதுசாப் பாக்குற மாதிரி பாத்தாரு.

"எம்புட்டு நாளாத் தெரியும் அவரை?"

ஆவுடையப்பன் ஒரு பூட்டைத் தொட்டுப் பாத்தாரு. இன்னொண்ணை ஆட்டிப் பாத்தாரு.

"எனக்கு நாலு வயசுல இருந்து."

குருவம்மா அரத்தை எடுத்து, விட்ட இடத்துல இருந்து சாவியைத் தேய்க்க ஆரம்பிச்சாங்க.

மாடத்திக்குத்தான் தாங்கல. பூவோட எந்திரிச்சிட்டா.

"யாரோ ஒரு ஆளா? கூடப் பொறந்த தம்பியில்லா அண்ணாச்சி! ஒரு முருங்கைக் கிளையை வெட்டிட்டாருன்னு மூணு வருசமாப் பேசாம இருக்கீக. பூ வேண்டாம்னு எனக்குச் சொல்லியாச்சு. இப்பப் போட்ட சத்தத்துல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரிஞ்சாச்சு. கோவில்பட்டியிலேயே தெரியாத ஒரே ஆளு அவருதான். நாளைக்கு உங்க வீட்டுக்குள்ள ஒரு டம்ளர் உருண்டாலும், வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு முதல்ல ஓடி வரப்போறதும் அவருதான்!"