மிஞ்சிய கடையாணி

கோயில் கொடைக்கு ராட்டினம் வந்து இறங்கிவிட்டால் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் சோறு இறங்காது. அந்த ஊரிலும் அப்படித்தான், வெயில் தாழ்வதற்குள் வரிசை கட்டிவிட்டார்கள். ஆனால் இந்தக் கதை, சாக்கின் மேல் கிடந்த விரல் நீளக் கடையாணி ஒன்றைப் பற்றியது. காதைக் கொஞ்சம் இங்கே வையுங்கள். முடிவில் உங்களைத்தான் கேட்பேன்.

ராட்டினத்துக்கு மேஸ்திரி மாரிக்கனி. அவளோடு இரண்டு பேர். ஒருவன் கொழுந்தன் சுடலைமுத்து. இன்னொருவன் எஞ்சின் ஓட்டும் ஆரோக்கியம். பிள்ளைகள் உட்காரும் பெட்டிகளை மாட்டுவது மட்டும் மூவருக்கும் பொது வேலை. ஒவ்வொரு பெட்டியும் ஓர் இரும்புக் கம்பியில் தொங்கும். கம்பியின் நுனித் துளையில் கடையாணியைச் செருகி மடக்கிவிட வேண்டும். செருகாவிட்டால் பெட்டி உடனே விழுந்துவிடாது, பயமே அதில்தான். நிற்கும்வரை நல்ல பிள்ளை மாதிரி நிற்கும். சுற்றச் சுற்றத்தான் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக நழுவும்.

அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம். மாட்டி முடிந்ததும் மேஸ்திரி ஏறி ஒவ்வொரு ஆணியையும் கையால் தொட்டுப் பார்ப்பாள். பிறகு முதல் சுற்றில் தங்கள் வீட்டு ஆட்களை மட்டும் ஏற்றுவார்கள். ஊரான் பிள்ளை அடுத்த சுற்றில்தான். பெட்டிகளில் மயில், குதிரை என்று உருவங்கள் உண்டு; மாரிக்கனியின் மகள் இசக்கிக்கு எந்த ஊரிலும் மயில் பெட்டிதான் வேண்டும்.

அன்று எல்லாமே பிந்திப்போனது. மேற்கே வானம் கறுத்து, காற்று வேறு கிளம்பியிருந்தது. கடைசியாக மயில் பெட்டியை மாரிக்கனியே மாட்டினாள். ஏணியில் நின்று கம்பியைச் செருகிக்கொண்டிருந்தவளை, கொடைக் கமிட்டித் தலைவர் வெள்ளைப்பாண்டி கூப்பிட்டார்.

"ஏ மாரிக்கனி, அம்மன் காலடி எலுமிச்சம்பழம் வந்திருக்கு. வந்து வாங்கிக்கம்மா, நேரமாகுதுல்லா!"

இறங்கி ஓடினாள். எஞ்சின் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் ஏந்திப் பழத்தை வாங்கி, முகப்பில் கட்டினாள். மேளம் முழங்கியது. "சரி, பிள்ளைகளை ஏத்து" என்றார் தலைவர். அன்று அவள் ஏறித் தொட்டுப் பார்க்கவில்லை.

இசக்கியைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோதுதான் அது கண்ணில் பட்டது. எஞ்சின் அருகே விரித்திருந்த சாக்கில் ஒற்றைக் கடையாணி.

ஆணிகள் பெட்டிக்கு ஒன்றுதான். ஒன்று இங்கே கிடந்தால், மேலே ஏதோ ஒரு துளை சும்மா கிடக்கிறது.

மகளை இறக்கிவிட்டு, "யாரு இதைப் போடாம விட்டது?" என்றாள்.

"நான் இல்ல மதினி" என்றான் சுடலைமுத்து. "போன ஊர்ல மிஞ்சினதா இருக்கும்."

"என் பெட்டியெல்லாம் சரியா இருக்கு அக்கா" என்றான் ஆரோக்கியம். "அவரு பீடி பத்த வைக்க ரெண்டு தடவை போனாரு. அவரைக் கேளுங்க."

"ஏலே, நீ மட்டும் என்ன, போனை நோண்டிக்கிட்டுத்தான நின்ன?"

"எவன்னு சொல்லுங்கலே!" என்று மாரிக்கனி கத்தினாள்.

தலைவருக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு ஆணிக்காக ஊரையே நிறுத்துவியோ? முடியாதுன்னா சொல்லு, போன் போட்டா அடுத்த ராட்டினம் வந்துரும். அப்புறம் இந்தப் பக்கத்துக் கொடை ஒண்ணுலயும் நீ கடை விரிக்க முடியாது."

ஆரோக்கியம் எஞ்சினிடம் போனான், ராட்டினத்தைச் சுற்றவிடும் பெல்ட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். காற்றில் பெட்டிகள் அசைந்தன. எங்கோ ஒன்று மட்டும் கிறீச்சிட்டது.

மாரிக்கனி அந்த ஆணியை உயர்த்திப் பிடித்து, வரிசையில் நின்ற தாய்மார் காதிலும் விழும்படிச் சொன்னாள்:

"அண்ணாச்சி, இவங்களைக் கேட்டு என்ன? ஏறித் தொட்டுப் பார்க்க வேண்டியது என் வேலை. பார்க்கல. தப்பு என்னோடது. எல்லாப் பெட்டியையும் இறக்கிப் பார்க்காம இது சுத்தாது. நீங்க யாரைக் கூப்பிட்டாலும் சரி."

தலைவர் போனை எடுத்தார். அப்போது சுடலைமுத்துவின் குரல் உடைந்து வந்தது.

"மதினி... குதிரைப் பெட்டிக்கு ஆணி போட்டேனா இல்லியான்னு எனக்கு நினைப்பு வரல. அதை முதல்ல இறக்குங்க."

பெல்ட்டைக் கழற்றியவன் ஒருவன். தப்பு என்னுடையது என்றவள் ஒருத்தி. எனக்கு நிச்சயமில்லை என்றவன் ஒருவன். சொல்லுங்கள், அந்த ஆணி எந்தப் பெட்டியுடையது? இந்த மூவரில் அன்று பொறுப்பைத் தூக்கிச் சுமந்தது யார்?

விடை: குதிரைப் பெட்டியில் ஆணி பத்திரமாக இருந்தது. ஒவ்வொன்றாக இறக்கி, கடைசியில் மயிலுக்கு வந்தார்கள். துளை காலி. இரண்டு கையும் ஏந்திப் பழம் வாங்கியவள், கையில் இருந்ததைச் சாக்கில் போட்டிருக்கிறாள். அது அவளுக்கே நினைவில்லை. ஆரோக்கியம் செய்தது நல்ல காரியம்தான், ஆனால் கழற்றிய பெல்ட்டை இன்னொருவன் மாட்டிவிடலாம். சுடலைமுத்து சொன்னதும் பெரிய வார்த்தை, ஆனால் அது மாரிக்கனி தப்பை ஏற்றுக்கொண்ட பிறகே வந்தது. "யாரு?" என்று அவள் கேட்டவரைக்கும் கிடைத்ததெல்லாம் "நான் இல்லை"தான். அதனால் நான் மாரிக்கனியைத்தான் சொல்வேன். ஒரு குறையோடு: மற்றவர்களையெல்லாம் கேட்டவள் தன் பெட்டியை ஒரு கணமும் சந்தேகப்படவில்லை. இப்போதெல்லாம் எந்த ஊரில் இறங்கினாலும், "முதல்ல நான் மாட்டினதைப் பாருங்க" என்றுதான் ஆரம்பிக்கிறாள். இசக்கி அன்று மயிலில் ஏற்றவில்லையென்று தரையில் புரண்டு அழுதாள். மாரிக்கனி பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.