உப்பளத்தில் ஒரு கோடு

சவரிராயன் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த வயலைக் காட்டினாலும் அளவு பிசகாமல் தாளில் இறக்கிவிடுவார். அந்தக் கையை நம்பித்தான் வேதவல்லியிடம் ஓவியம் கற்கப் போனார்.

வேதவல்லிக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். உப்பளத்தின் ஓரத்தில் ஓர் ஓட்டுக் கொட்டகையில் தங்கி வரைந்துகொண்டிருந்தார். அவருடைய படங்களில் நிலம் பாதி தெரியும், பாதி தெரியாது. ஆனால் பார்ப்பவர்களுக்கு வெயில் உறைக்கும்.

சவரிராயனுக்கு அது மட்டும் வசப்படவில்லை. வரப்பு, உப்புக் குவியல், மோட்டார் கொட்டகை, தூரத்துப் பனைமரங்கள் என்று ஒன்றுவிடாமல் வரைந்து கொண்டுவருவார்.

"எல்லாம் இருக்கு, ஐயா. இதுல உங்களுக்கு எது பிடிச்சது?"

"எல்லாந்தான், டீச்சர்."

"அப்ப மறுபடியும் போடுங்க."

கோடை முழுக்க இப்படியே போயிற்று. அவரும் விடவில்லை. விடியுமுன் வரப்பில் வந்து உட்கார்ந்தால், மண் சுடும்வரை எழுந்திருக்கமாட்டார்.

ஒருநாள் காலையில் கையிலிருந்த காபி தளும்பி வேட்டியில் கொட்டியது. நரம்புத் தளர்ச்சி, நடுக்கம் போகப்போகக் கூடும் என்றார் டாக்டர். "போதும், வீட்டோட இருங்க" என்றாள் மனைவி. மறுநாள் விடியலில் அவர் வரைபலகையை இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வேதவல்லியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"கை போறதுக்குள்ள நான் கத்துக்கணும், டீச்சர். எதை வைக்கணும், எதை விடணும்? இன்னைக்கே சொல்லுங்க."

சவரிராயன் கடைசியாக வரைந்த படத்தை எடுத்து வேதவல்லி சுவரில் மாட்டினார். ஒரு துண்டுத் தாளை எடுத்துப் பனைமரங்களை மறைத்தார்.

"இது எந்த இடம்?"

"நம்ம உப்பளம்."

மோட்டார் கொட்டகையின் மேல் இன்னொரு தாள்.

"இப்ப?"

"உப்பளந்தான்."

அடுத்தது உப்புக் குவியல்கள். அவற்றின் நிழலுக்காக அவர் எவ்வளவோ பாடுபட்டிருந்தார்.

"உப்பளந்தான்."

வரப்புகளும் போயின. மிஞ்சியது வானமும் நீரும், நடுவில் மெல்லிய வெள்ளைக் கீற்று ஒன்றும். வேதவல்லியின் கை அதை நோக்கிப் போனது.

"கையை எடுங்க!"

தன் குரலைக் கேட்டு அவரே திடுக்கிட்டார். எல்லைத் தகராறில் ஊரே கூச்சல் போட்டபோதும் குரலை உயர்த்தாத மனிதர் அவர்.

வேதவல்லி கையை எடுத்துவிட்டார். "அங்க என்ன இருக்கு?"

"தெரியல. விடிஞ்சதும் முதல்ல அதுதான் கண்ணைக் கூச வைக்கும். மத்ததெல்லாம் அப்புறந்தான் தெரியும்."

"அப்ப மத்ததை ஏன் போட்டீங்க?"

"விட்டுட்டா தப்பாயிடுமோன்னு."

புதுத் தாள் வைத்தார்கள். சாம்பல் நிற வானம், துரு நிறத்தில் நீர், அதன்பிறகு கீற்று. கை நடுங்கிக் கோடு வழிந்தது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். அதையும் கிழித்தார். வெயில் ஏற ஏறத் தரையில் தாள்கள் சேர்ந்தன. ஓய்வெடுங்கள் என்று வேதவல்லி சொல்லவில்லை, கையைப் பிடித்து உதவவுமில்லை.

மதியம் தாண்டி ஒரு தாள் கிழிபடாமல் நின்றது. இருவரும் அதன் முன்னால் நின்று பார்த்தார்கள். கோடு நேராக இல்லை. ஆனால் கண் கூசியது.

சவரிராயன் மெதுவாகக் கேட்டார்:

"நடுக்கம் இன்னும் அதிகமானா, டீச்சர்? மரம், கொட்டகை, குவியல், எதுக்குமே இந்தக் கை சொன்னபடி கேக்காதே."

வேதவல்லி பிரஷைக் கழுவி, உதறி, அவரிடம் நீட்டினார்.

"அதெல்லாம் வேண்டாம்னு நீங்களே முடிவு பண்ணியாச்சு, ஐயா. இனிமே அந்தக் கைக்கு வேலை ஒரு கோடுதான்."